போருக்கும் கூட்டணிக்கும் மக்களைக் கேட்க வேண்டாமா? சுங்கை சிப்புட் வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒரு பொருளை எடுத்துப் பேசும். போன கூட்டத்தில் செம்பனை லாரி ஓட்டும் தம்பி ஒருவர், "யாரோடு கூட்டு, யாரோடு சண்டை என்பதை மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தால் உலகத்தில் பாதிப் போர் நடக்காது" என்றார். அதில் தொடங்கிய பேச்சு அன்று முடியவில்லை. மிச்சக் கேள்விகளைத் துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்கள். இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பித்தவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவி): டீச்சர், போருக்குப் போகலாமா என்று மக்களிடம் ஓட்டுக் கேட்க எந்த நாடாவது சட்டம் கொண்டுவரப் பார்த்ததா?

பதில்: அமெரிக்காவில் பார்த்தார்கள். இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த லூயிஸ் லட்லோ என்ற மக்களவை உறுப்பினர் 1935 முதல் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்துக்காகப் போராடினார். நாட்டின் மீதே தாக்குதல் நடந்தால் யாரையும் கேட்க வேண்டாம். மற்ற எந்தப் போரையும் அறிவிக்கும் முன் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இதுதான் அவர் கேட்டது. முதல் உலகப்போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அது, ஆதரவுக்குக் குறைவில்லை. 1937 டிசம்பரில் சீனாவின் யாங்சி ஆற்றில் பனாய் என்ற அமெரிக்கப் போர்ப்படகை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்ததும், போர் வந்துவிடும் என்ற பயத்தில் அந்த ஆதரவு இன்னும் கூடியது. 1938 ஜனவரி 10 அன்று, மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்று மக்களவையில் வாக்கெடுப்பு. எடுக்கலாம் என்றவர்கள் 188, வேண்டாம் என்றவர்கள் 209. அதோடு போயிற்று. அதிபர் ரூஸ்வெல்ட் கடிதம் எழுதியே எதிர்த்தார். இப்படி ஒரு விதி இருந்தால் எந்த அதிபராலும் வெளியுறவை நடத்த முடியாது, அமெரிக்காவை எப்படியும் சீண்டலாம் என்று மற்ற நாடுகள் நினைக்கும் என்பது அவர் வாதம்.

லட்லோவின் பக்கம் எனக்குப் பாதி மனசு உண்டு. சாகப் போகிறவனைக் கேட்காமல் அவன் சாவை முடிவு செய்யாதே என்பது சரியான பேச்சு. மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், பனாய் மூழ்கிய அதே மாதத்தில் நான்ஜிங்கில் ஜப்பானியப் படையின் கையில் செத்துக்கொண்டிருந்த சீனர்களுக்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை. போருக்குப் போவதால் சாகிறவன் ஒருவன், போகாததால் சாகிறவன் இன்னொருவன். முதலாமவனைக் கேட்க வழி செய்யலாம். இரண்டாமவன் பெயர் அந்த வாக்காளர் பட்டியலில் எப்போதும் இருக்காது.

கேள்வி (அந்த லாரி ஓட்டுநர் தம்பி): சுவிட்சர்லாந்தில் எல்லாவற்றுக்கும் ஓட்டு. அங்கே போரே இல்லை. அப்ப நான் சொன்னது சரிதானே டீச்சர்?

பதில்: பாதி சரி, தம்பி. வெளியுறவை மக்கள் ஓட்டுக்கு விடுவதில் சுவிஸ்காரர்களுக்கு நூறு ஆண்டுக்கும் மேல் பழக்கம். 1920இல், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான தேசங்களின் சங்கத்தில் சேரலாமா என்று கேட்டு, சேர்ந்தார்கள். 1921 முதல் நீண்டகால ஒப்பந்தங்களையும் வாக்கெடுப்புக்குக் கொண்டுவர மக்களுக்கு உரிமை உண்டு. ஐக்கிய நாடுகள் சபையில் சேரும் யோசனையை 1986இல் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மறுத்தார்கள். 2002இல் திரும்பக் கேட்டபோது 54.6 விழுக்காட்டினர் சரி என்றார்கள். ஆனால் அங்கே மக்கள் பெரும்பான்மை மட்டும் போதாது, மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். அது 12க்கு 11 என்று வந்தது. ஒரு மாநிலம் மாறியிருந்தால் இன்னும் வெளியே நின்றிருப்பார்கள். போர் விமானம் வாங்குவதையும் கேட்கிறார்கள். 2014இல் வேண்டாம் என்றார்கள், 2020இல் நூலிழையில் சரி என்றார்கள்.

இப்போது மறு பாதி. இரண்டாம் உலகப்போர் தொடங்கும் தறுவாயில், 1939 ஆகஸ்டு 30 அன்று, சுவிஸ் நாடாளுமன்றம் அமைச்சரவைக்கு முழு அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது. மக்கள் வாக்கெடுப்பு உரிமை பெரும்பாலும் முடங்கியது. அந்த ஆண்டுகளில்தான் நாஜிகள் கொள்ளையடித்த தங்கத்தை சுவிஸ் வங்கிகள் வாங்கின. அந்த ஆண்டுகளில்தான், 1942 ஆகஸ்டில், எல்லையை மூடி யூத அகதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். இதற்கெல்லாம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. போர் முடிந்த பிறகும் அமைச்சரவை அந்த அதிகாரத்தை எளிதில் விடவில்லை. "நேரடி மக்களாட்சிக்குத் திரும்புவோம்" என்று மக்களே கையெழுத்துத் திரட்டி, 1949 செப்டம்பரில் மிகச் சிறிய வித்தியாசத்தில் வென்றுதான் உரிமையை மீட்டார்கள். சுவிஸ் பெண்களுக்கு தேசிய அளவில் ஓட்டுரிமை வந்தது 1971இல். ஆகவே அதுவரை "மக்கள்" சொன்னார்கள் என்று எழுதியிருப்பதெல்லாம் ஆண்கள் சொன்னதுதான்.

சுவிட்சர்லாந்தில் போர் இல்லாததற்கு ஓட்டுமுறை ஒரு காரணம் என்று வைத்துக்கொண்டாலும், மலையும் வங்கியும் அக்கம்பக்கத்தாருக்கு அவர்களிடம் இருந்த தேவையும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பது என் கருத்து.

கேள்வி (தாமானில் மளிகைக் கடை வைத்திருப்பவர்): மலேசியாவில் இப்படி ஒரு வாக்கெடுப்பு நடத்த முடியுமா?

பதில்: நம் கூட்டரசு அரசியலமைப்பில் பொது வாக்கெடுப்புக்கு வழிவகை இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அரசாங்கத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல்கூட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை உள்நாட்டில் சட்டமாக்கத்தான் நாடாளுமன்றம் வேண்டும். 1957இல் பிரிட்டனோடு தற்காப்பு ஒப்பந்தம், 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரோடு ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு. எதற்கும் தோட்டத்தில் வந்து யாரும் கேட்கவில்லை.

மலேசியா என்ற நாடு பிறந்த கதையே இதற்கு நல்ல பாடம். சிங்கப்பூரில் 1962 செப்டம்பர் 1 அன்று வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று வழிகள் இருந்தன, மூன்றுமே இணைவதற்கான வழிகள். வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. அதனால் நான்கில் ஒருவர் வெற்றுச் சீட்டைப் போட்டார். சபா, சரவாக்கில் வாக்கெடுப்பே இல்லை. அங்குள்ள மக்களின் கருத்தை அறிய அமைத்த கோபோல்ட் ஆணையம் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை நேரில் கண்டு, மூன்றில் ஒரு பங்கினர் உறுதியான ஆதரவு, இன்னொரு பங்கினர் நிபந்தனையோடு ஆதரவு, மிச்சம் பேர் எதிர்ப்பு அல்லது தயக்கம் என்று எழுதியது. 1963 செப்டம்பரில் நாடு பிறக்கச் சில நாட்களே இருந்தபோது, எங்களைக் கேட்கவில்லை என்று கிளந்தான் மாநில அரசு நீதிமன்றம் போனது. வழக்கு தள்ளுபடியானது.

இந்தோனேசியா தொடுத்த மோதலைக் காரணம் காட்டி 1965இல் நகராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். மோதல் 1966இல் முடிந்துவிட்டது. நகராட்சித் தேர்தல் திரும்பி வரவே இல்லை, 1976ஆம் ஆண்டு சட்டம் அதை நிரந்தரமாக்கியது. உங்கள் கடைக்கு முன்னால் கால்வாய் அடைத்துக்கொண்டால் நீங்கள் போய் நிற்கும் மன்ற உறுப்பினரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாமல் போனது ஒரு வெளியுறவுச் சண்டையால். போர் வந்தால் வாக்கெடுப்பு நடத்தலாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது என்னவென்றால், போர் வந்ததும் இருந்த ஓட்டே போய்விட்டது.

ஓட்டு இல்லாமலே மக்கள் வெளியுறவை மாற்றியதும் உண்டு. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கப் போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசு பின்வாங்கியது. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேர 2019 மார்ச்சில் கையெழுத்திட்டுவிட்டு, ஏப்ரலில் விலகியது. இரண்டுக்கும் காரணம் எதிர்ப்புக் குரல்தான். அந்தக் குரல் நாட்டில் எத்தனை பேருடையது என்று எண்ணிப் பார்க்க நம்மிடம் ஒரு வழி இல்லை. உரக்கப் பேசியவர் எண்ணம் மக்கள் எண்ணமாகிவிட்டது. முறையான வாக்கெடுப்பு இருந்திருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது அந்த உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பேசியிருப்போம்.

கேள்வி (தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்ற அம்மா, பேரன் எழுதி அனுப்பியது): என் அப்பா நேதாஜி படையில் இருந்தார். என் அத்தை வீட்டுக்காரரை ஜப்பான்காரன் சயாம் ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனான், திரும்பவே இல்லை. அப்பா ஜப்பான்காரனோடு சேர்ந்து நின்றது தப்பா, டீச்சர்?

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்கிறேன்.

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தபோது, வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். இப்படி இழுத்துவிடப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியர் கையில் சிக்கினார்கள். அவர்களை வைத்து முதல் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தவர் கேப்டன் மோகன் சிங். இவர் ஜப்பானிடம் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டார். நாங்கள் உன் கூலிப்படையா, கூட்டாளியா என்று தெளிவாகச் சொல் என்றார். பதில் வரவில்லை. 1942 டிசம்பரில் அவரையே கைது செய்தார்கள். இந்த மனிதரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்தார். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். தாலியைத் தவிர மற்ற நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றி இந்த வட்டாரத்தில் இன்றும் பேசுவார்கள். அதே காலத்தில்தான் சயாம்-பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து மட்டும் பல்லாயிரக்கணக்கானோரைக் கொண்டு போனார்கள், அதில் மிகப் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பசி, அடி. போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது.

பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. போஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது அக்டோபர் 21. நடுவில் நாலே நாள். அப்புறம் இந்திய தேசிய இராணுவத்தினர் பலர் பர்மா போர்முனைக்குப் போனது அதே தண்டவாளத்தின் மேல்தான்.

உங்கள் அப்பாவின் மீது நான் குற்றம் காண மாட்டேன். அவருக்கு எதிரில் இருந்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் துரை முன்னால் கைகட்டி நிற்கும் வாழ்க்கை. முதல் முறையாக ஒருவர் வந்து, நீ ஒரு நாட்டின் குடிமகன், போர்வீரன் என்றார். அதோடு, படையில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்கள் என்று நம்பிச் சேர்ந்தவர்களும் உண்டு. உயிர் பிழைக்கவும் தலை நிமிரவும் ஒரே வழி திறந்தால் மனிதன் அதில்தான் போவான்.

தலைவர்களை அதே தராசில் நிறுக்க முடியாது. அந்த ஜப்பானின் கையால் தன் மக்கள் சாகிறார்கள் என்று தெரியக்கூடிய இடத்தில் இருந்தார் போஸ். பொது மேடையில் அவர் ஜப்பானைக் கண்டிக்கவில்லை. 1943 டிசம்பர் கடைசியில் அந்தமானுக்குப் போனார். அங்கே செல்லுலார் சிறையில் ஜப்பானியர் கையில் இந்தியர்கள் வதைபட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து போன பின், ஜனவரி 30 அன்று, 44 இந்தியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவரை நான் மதிக்கிறேன், அந்த மௌனத்தை மதிக்கவில்லை. பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சானும் ஜப்பானோடுதான் தொடங்கினார். ஜப்பான் கொடுத்த விடுதலை வெறும் பெயரளவு என்று கண்டதும் 1945 மார்ச் 27 அன்று துப்பாக்கியைத் திருப்பினார்.

சரி, பிரிட்டன் பக்கம் நின்ற இந்தியச் சிப்பாய்களின் கூட்டணி சுத்தமானதா? 1943இல் வங்காளத்தில் பஞ்சம். இருபது முதல் முப்பது லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்தப் பக்கமும் இந்தியனைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை.

அப்பாவின் படத்தை மாட்டியிருக்கிறீர்கள் என்று பேரன் எழுதியிருக்கிறான். அத்தை வீட்டுக்காரர் பெயர், ஊர், எந்தத் தோட்டம், எந்த வருடம் கொண்டு போனார்கள் என்பதைப் பேரனிடம் இன்றே சொல்லி எழுத வையுங்கள், அம்மா. அந்தப் பட்டியல் நம் வீடுகளில் இருந்துதான் வர வேண்டும்.

கேள்வி (முன்னாள் தொழிற்சங்க ஊழியர்): ஜப்பானை எதிர்க்க கம்யூனிஸ்டுகளுக்கு ஆயுதம் கொடுத்தது வெள்ளைக்காரன். பிறகு அவர்களையே வேட்டையாடினான். யார் யாருக்குத் துரோகம் செய்தது?

பதில்: இதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டாம், எல்லாம் நம் பேராக்கில் நடந்தது. 1943 டிசம்பர் கடைசி நாள், பீடோர் பக்கத்துக் காட்டில் பிளாந்தான் என்ற முகாமில், பிரிட்டனின் இரகசியப் படைப்பிரிவான 136ஆம் படையும் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியும் கையெழுத்திட்டன. பிரிட்டன் ஆயுதமும் பணமும் மருந்தும் தரும், கொரில்லாக்கள் நேச நாடுகளின் இராணுவக் கட்டளைப்படி நடப்பார்கள். போருக்குப் பின் மலாயாவை யார் ஆள்வது என்பதை இரு தரப்பும் வேண்டுமென்றே பேசாமல் விட்டன. கட்சியின் சார்பில் கையெழுத்திட்ட லாய் தெக் அப்போதே ஜப்பானியருக்கு ஆள்காட்டி. பத்துகேவ்ஸ் பக்கத்தில் 1942 செப்டம்பரில் தன் சொந்தத் தோழர்களைக் காட்டிக் கொடுத்தவர். கையெழுத்துப் போட்ட பிரிட்டிஷ்காரர்களுக்கும் தெரியாது, உடன் இருந்த சித்தியவான் இளைஞர் சின் பெங்குக்கும் தெரியாது.

1946இல் சின் பெங்குக்குப் பதக்கம் குத்தினார்கள். ஜூனில் லண்டன் வெற்றி அணிவகுப்பில் மலாயா கொரில்லாக்கள் நடந்தார்கள். 1948 ஜூன் 16 அன்று நம் ஊரில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும், மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். 18ஆம் தேதிக்குள் நாடு முழுவதும் அவசரகாலம். டிசம்பரில் பத்தாங்காலியில் பிரிட்டிஷ் வீரர்கள் ஆயுதம் இல்லாத 24 பேரைக் கொன்றார்கள். தொழிற்சங்கங்களின் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடுச் சிறையில் தூக்கிலிட்டார்கள். முந்தின நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுடப்பட்டார்.

துரோகம் என்று கேட்டால், என் பதில் இது. அந்தக் கூட்டணியில் இரு தரப்பும் ஒன்றையொன்று பயன்படுத்தின, அது இரு தரப்புக்கும் தெரியும். அங்கே துரோகத்துக்கு இடம் குறைவு. உண்மையில் ஏமாந்தது கையெழுத்தில் இல்லாத தோட்டத் தொழிலாளி. காட்டுக்குச் சோறு கொடுத்தால் ஒருவன் பிடிப்பான், கொடுக்காவிட்டால் இன்னொருவன் அடிப்பான். கூலி உயர்வு கேட்ட சங்கத்தையும் அந்தச் சண்டை விழுங்கிவிட்டது. உங்கள் சங்க அனுபவத்தில் அந்தப் பழைய பயத்தின் மிச்சத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியர்): ஹிட்லரை வீழ்த்த ஸ்டாலினோடு சேர்ந்தது சரியா?

பதில்: சேர்ந்தது சரி. ஜெர்மனியின் தரைப்படையை உடைத்ததில் பெரும் பங்கு சோவியத் மக்களின் ரத்தம். அவர்கள் இல்லாமல் யூதர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சேர்ந்த பிறகு செய்தவற்றில்தான் என் வழக்கு. 1940இல் ரஷ்யாவின் காத்தின் காட்டிலும் மற்ற இடங்களிலும் சுமார் 22,000 போலந்துக்காரர்களை சோவியத் இரகசியப் போலீஸ் கொன்றது. 1943இல் புதைகுழி வெளிப்பட்டபோது, கொன்றது யார் என்று லண்டனில் அதிகாரிகள் கணித்துவிட்டார்கள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மாஸ்கோ ஒத்துக்கொண்டது 1990இல். பிரிட்டன் போரில் இறங்கியதே போலந்துக்காக. அந்த லண்டன் அணிவகுப்பில் நம் மலாயாக் கொரில்லாக்கள் நடந்தார்கள் என்றேனே, பிரிட்டனோடு தோள் நின்று போரிட்ட போலந்துப் படைகள் அதில் இல்லை. அதோடு, நேச நாட்டுத் தலைவர்கள் யால்டா மாநாட்டில் செய்த ஏற்பாட்டின்படி, திரும்பிப் போக மறுத்த சோவியத் குடிமக்களையும் பிடித்து ஸ்டாலினிடம் ஒப்படைத்தார்கள். எதிரியை வெல்ல இது எதற்கு வேண்டும்? ஜெர்மனி சரணடைந்த பிறகும் ஒப்படைத்தார்களே!

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): மக்கள் உணர்ச்சிவசப்பட்டு ஓட்டுப் போடுவார்கள். இரகசியத் தகவல் தலைவர்களிடம்தானே இருக்கிறது?

பதில்: மக்கள் உணர்ச்சிவசப்படுவார்கள், உண்மைதான். கிமு 428இல் ஏதென்சின் கூட்டாளி நகரமான மிட்டிலீனி போர் நடுவில் கூட்டணியை உதறியது. மறு ஆண்டு அதை அடக்கியதும் ஏதென்ஸ் மக்கள் மன்றம் கூடி, அந்த நகரத்து ஆண்கள் அத்தனை பேரையும் கொல் என்று வாக்களித்துக் கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனம் கேட்காமல் திரும்பக் கூடி, சிறு வித்தியாசத்தில் அதை மாற்றி, இரண்டாவது கப்பலை விரட்டி அனுப்பினார்கள். தலைமை தாங்கியவர்களைக் கொன்றார்கள், ஊர் பிழைத்தது. இந்தக் கதையில் முதல் நாளை மட்டும் சொல்கிறவர்கள் உண்டு. தன் முடிவை மறுநாளே திரும்ப எடுத்துப் பார்க்கிற மன்னர்கள் எத்தனை பேர்?

இரகசியத் தகவலை நம்பி 2003இல் ஈராக்கில் நுழைந்தார்கள். சொன்ன ஆயுதம் அங்கே இல்லை. அந்த மார்ச் 1 அன்று, அமெரிக்கப் படைக்கு இடம் தரலாமா என்று துருக்கி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆதரிக்காததால் தோற்றது. அமெரிக்காவின் கூட்டணி நாடுதான் துருக்கி, அன்றும் இன்றும். மறுத்ததால் கூட்டணி உடைந்துவிடவில்லை.

முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியா, கட்டாய இராணுவ சேவை வேண்டுமா என்று 1916இலும் 1917இலும் மக்களைக் கேட்டது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள். ஆஸ்திரேலியா போரிலிருந்து விலகவில்லை, விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களோடு கடைசிவரை நின்றது. மக்களைக் கேட்டால் கூட்டாளியைக் கைவிட நேரும் என்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவி): பெரும்பான்மை சொன்னதால் சிறுபான்மை போருக்குப் போக வேண்டி வந்தால்?

பதில்: கனடாவில் அப்படி நடந்தது. கடல் கடந்த போருக்கு யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று அரசு கியூபெக் மக்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. 1942 ஏப்ரலில் அந்த வாக்கிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்று நாடு முழுவதையும் கேட்டது. நாடு சரி என்றது. கியூபெக்கில் பத்தில் ஏழு பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். ஒருவருக்குக் கொடுத்த வாக்கை மற்றவர்கள் ஓட்டால் அழித்தார்கள், இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் கதையையும் இதோடு வைத்துப் பார். 1955இல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்களில் சுமார் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்தியர்களில் பெரும்பாலோர் குடியுரிமையே இல்லாதவர்கள். அவசரகாலத்தைப் பற்றி அன்று ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால், அதன் நடுவில் வாழ்ந்த தோட்டத்தாரிலும், அவசரகாலத்தில் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமத்தாரிலும் பெரும்பாலோருக்கு அதில் இடமே இருந்திருக்காது.

கேள்வி (வாசிப்பு வட்டச் செயலாளர்): உங்களிடம் விட்டால் எதை ஓட்டுக்கு விடுவீர்கள்?

பதில்: அவசரமில்லாதவற்றை எல்லாம் விடுவேன். அந்நியப் படைத்தளம், பத்து இருபது ஆண்டு நீடிக்கும் தற்காப்பு ஒப்பந்தம், கட்டாய இராணுவ சேவை. இவற்றுக்கு ஆறு மாதம் பேச நேரம் உண்டு. சீட்டில் "வேண்டாம்" என்ற கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லையில் குண்டு விழும் நாளில் வாக்கெடுப்பு கேட்க மாட்டேன். ஆனால் போர் தொடங்கி ஓராண்டுக்குள் நாடாளுமன்றம் திரும்பக் கூடி, தொடரலாமா என்று பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். அவசரம் முடிந்ததும் எடுத்துக்கொண்ட ஓட்டுரிமையைத் திருப்பித் தர ஒரு தேதி சட்டத்திலேயே இருக்க வேண்டும். 1965ஐ நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றை ஓட்டுக்கு விடவே மாட்டேன். கூட்டாளி செய்யும் கொலையை மூடி மறைப்பது, அடைக்கலம் தேடி வந்தவனைக் கூட்டாளியிடம் பிடித்துக் கொடுப்பது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சரி என்றாலும் அது சரியாகாது.

கேள்வி (லாரி ஓட்டுநர் தம்பி, இரண்டாம் முறை): ஓட்டுப் போட்ட பிறகு அரசு கேட்காவிட்டால்?

பதில்: நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். உக்ரைனோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்த உடன்படிக்கையைப் பற்றி 2016 ஏப்ரல் 6 அன்று கேட்டார்கள். வாக்களித்தவர்கள் 32 விழுக்காடு, செல்லுபடியாக 30 தேவை. வந்தவர்களில் பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். அது ஆலோசனை வாக்கெடுப்புதான், அரசைக் கட்டுப்படுத்தாது. உக்ரைனுக்கு உறுப்பினர் பதவி உறுதியில்லை, இராணுவ உதவிக் கடமையும் இல்லை என்று ஒரு விளக்கத்தை மற்ற நாடுகளிடம் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, 2017இல் உடன்படிக்கையை ஏற்றுவிட்டார்கள். 2018இல் அந்த வாக்கெடுப்புச் சட்டத்தையே நீக்கினார்கள்.

கட்டுப்படுத்தாத ஓட்டை நடத்துவதைவிட நடத்தாமலிருப்பது மேல், தம்பி. கேட்டுவிட்டு ஒதுக்கினால் அடுத்த முறை மக்கள் வாக்குச்சாவடிப் பக்கமே வர மாட்டார்கள். ஆனால் அந்த டச்சு வாக்காளர்களில் எத்தனை பேர் உக்ரைனை நினைத்து ஓட்டுப் போட்டார்கள், எத்தனை பேர் தங்கள் அரசின் மேல் இருந்த கோபத்தில் போட்டார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. உக்ரைனில் ஏற்கெனவே 2014 முதல் சண்டை நடந்துகொண்டிருந்தது, 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை முழுவதுமாக உள்ளே வந்தது. அந்த நாட்டுக்காரர்கள் யாரும் நெதர்லாந்து வாக்காளர் பட்டியலில் இல்லை. அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். உன் வாதத்தோடு வா.